காராக் இறக்கத்துக்கு எந்த பிரேக்?

என்னிடம் இருப்பது 2015-ஆம் ஆண்டு போர்ஷே மக்கான் எஸ். இங்கிலாந்திலிருந்து ரீகண்டாக, அதாவது பழைய வண்டியாக இறக்குமதியாகி வந்த காடி. எனக்கு முன்னால் இங்கே மலேசியாவில் வேறொருவர் ஓட்டியிருக்கிறார். பார்ப்பவர்கள் எல்லாம் எஞ்சினைப் பற்றித்தான் கேட்பார்கள். மூன்று லிட்டர் வி6, இரட்டை டர்போ, 340 குதிரைத்திறன், 100 கி.மீ. வேகத்தைத் தொட 5.4 நொடி. எடை எவ்வளவு என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. வெறும் வண்டியே ஏறக்குறைய 1,900 கிலோ. நான், அம்மா, அக்கா மகன், பெந்தோங்கிலிருந்து கிளம்பும்போது அம்மா ஏற்றிக்கொள்ளும் இஞ்சி மூட்டை, சீசன் என்றால் டுரியான், எல்லாம் சேர்ந்தால் இரண்டு டன்னைத் தாண்டிவிடும்.

முன் பிரேக் மாற்றும் நேரம் வந்தபோது என் மேசையில் விலைப்பட்டியல்கள் குவிந்தன. அக்கா மகன் ஒரு பக்கம், இணையம் ஒரு பக்கம், ஆளுக்கொன்று சொன்னார்கள். எனக்கு வேறு வழி தெரியாது. கணக்கெழுதிப் பிழைக்கிறவள், கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

இரண்டு டன் வண்டி 110 கி.மீ. வேகத்தில் போகும்போது அதனிடம் இருக்கும் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 0.93 மெகாஜூல். அழுத்திப் பிடித்து நிறுத்தினால் அதில் பெரும்பகுதி சூடாக மாறி, சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டான டிஸ்க்கில் இறங்கும். அதே வண்டி 100 மீட்டர் உயரம் இறங்கினால் வெளியாவது 1.96 மெகாஜூல். அதாவது ஒவ்வொரு 100 மீட்டர் இறக்கமும், 110-லிருந்து இரண்டு முறை முழுதாக நிறுத்துவதற்குச் சமம். கெந்திங் மலை உச்சியிலிருந்து கீழேயுள்ள கோத்தோங் ஜெயா ஊர் வரை சுமார் 800 மீட்டர் இறக்கம். பெருக்கிக்கொள்ளுங்கள். மெதுவாகத்தானே இறங்குகிறோம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி: மெதுவாகப் போனாலும் அந்த மெகாஜூல் குறையாது. வேகம் குறைந்தால் காற்று எடுத்துக்கொள்ளும் பங்கும் குறையும். மீதியை எஞ்சினோ பிரேக்கோதான் ஏற்க வேண்டும். 2013 ஆகஸ்ட்டில் அந்த மலைச் சாலையில் பேருந்து பள்ளத்தில் விழுந்து 37 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகும் 'குறைந்த கியரைப் பயன்படுத்தவும்' என்ற பலகையைக் கடந்து, பிரேக் விளக்கு அணையாமல் இறங்கும் வண்டிகளை வாராவாரம் பார்க்கலாம்.

என் வழக்கமான பாதை கெந்திங் உச்சி அல்ல. செலாயாங் வீட்டிலிருந்து காராக் நெடுஞ்சாலை ஏறி பெந்தோங். திரும்பும்போது கெந்திங் செம்பாவிலிருந்து கோம்பாக் டோல் வரை ஒரே இறக்கம், வளைவுக்கு மேல் வளைவு. கீழே வந்ததும் டோல் வரிசை. என் வண்டிக்கு வந்த நோய் அந்த வரிசையில்தான் பிறந்திருக்கிறது. டோல் தாண்டி வேகமெடுத்து மறுபடி பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் உதறும். 40-க்குக் கீழே ஒன்றும் தெரியாது. 80, 90-ல் பிடித்தால் கை நடுங்கும்.

முதலில் போன பட்டறையில் டிஸ்க்கைக் கையால் கூடத் தொடாமல், "வளைஞ்சிருச்சு, நாலையும் மாத்திடுங்க" என்றார்கள். செந்தூலில் இன்னொரு பட்டறை இருக்கிறது; அந்த அண்ணன் ஐரோப்பிய வண்டிகளை மட்டும்தான் தொடுவார். அவர் சக்கரத்தைக் கழற்றியதும் முதலில் எடுத்தது தடிமன் அளக்கும் மைக்ரோமீட்டர்.

"தங்கச்சி, இது வளையலை. பேட்டு ஒட்டிக்கிச்சு" என்றார்.

விஷயம் இதுதான். பிரேக் பிடிக்கும்போது டிஸ்க்கை அழுத்தும் உராய்வுக் கட்டைதான் பேட். புது பேட் டிஸ்க்கில் தேயும்போது தன் பொருளை ஒரு மெல்லிய படலமாக அதன் முகத்தில் பூசிக்கொண்டே வரும். பிரேக்கின் பிடிப்பில் ஒரு பங்கு அந்தப் படலத்தாலேயே வருகிறது. இறக்கத்தில் கொதித்துப்போன பேட்டை, டோல் வரிசையில் காலை அழுத்தி ஒரே இடத்தில் வைத்திருந்தால், அந்த இடத்தில் மட்டும் கூடுதலாக ஒட்டிவிடும். தோசைக்கல்லில் ஒரு பக்கம் மட்டும் மாவு தீய்ந்து ஒட்டிக்கொண்ட மாதிரி. அதற்குப் பிறகு ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடம் பேட்டுக்கு அடியில் வரும்போது பிடிப்பு மாறும். நாளாக ஆக டிஸ்க்கும் சீரில்லாமல் தேயும். தடிமனில் ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கு வித்தியாசம் இருந்தாலே ஸ்டியரிங்கில் தெரிந்துவிடும். டிஸ்க் உட்காரும் ஹப்பில், அதாவது சக்கரத்தின் நடுப்பகுதியில், துரு இருந்தாலும் இதே கதைதான்: டிஸ்க் ஒரு முடி அளவு சாய்ந்து சுற்றும், ஒரு பக்கம் பேட்டில் உரசி உரசித் தேயும். வளைந்துவிட்டது என்று தூக்கிப் போடப்படும் டிஸ்க்குகளில் நிறைய இந்த வகைதான் என்பது அண்ணனின் கட்சி. எனக்கும் அது சரியென்றே படுகிறது.

சரி, லேத்தில் கொடுத்து ஸ்கிம் பண்ணி, அதாவது முகத்தைச் சீவி மட்டமாக்கிவிடலாமே? மலேசியாவில் இது பழகிய வழி, செலவும் குறைவு. ஆனால் என் முன் டிஸ்க் புதிதாக இருக்கும்போது 350 மி.மீ. விட்டம், 34 மி.மீ. தடிமன். குறைந்தபட்சம் 32 மி.மீ. இருக்க வேண்டும், அந்த அளவை டிஸ்க்கிலேயே பொறித்திருப்பார்கள். மைக்ரோமீட்டர் காட்டியது 32.4. இரண்டு முகத்திலும் சமமாகச் சீவினால் 32-க்குக் கீழே போய்விடும். தடிமன் குறைவது என்றால் சூட்டை வாங்கிக்கொள்ளும் இரும்பு குறைவது. நான் மேலே போட்ட கணக்கில் மெகாஜூல் அப்படியே இருக்க, அதை ஏற்கும் இரும்பு மட்டும் குறைந்தால் வெப்பநிலைதான் ஏறும். எனவே முன்னால் இரண்டும் புதிது. பின்னால் 330 மி.மீ. டிஸ்க், தடிமன் புதிதில் 22 மி.மீ., இப்போது 21. அதை விட்டுவிட்டு பேட் மட்டும் மாற்றுவது என்று முடிவானது. நாலையும் மாற்றச் சொன்ன பட்டறையின் விலைப்பட்டியலைக் கிழித்துப் போட்டேன்.

இங்கேதான் அக்கா மகன் நுழைந்தான். அவனிடம் ஒரு பழைய கோல்ஃப் ஜிடிஐ இருக்கிறது. பிரேக் பற்றி அவனுக்குத் தெரியாதது எதுவுமில்லை என்பது அவன் எண்ணம்.

"சித்தி, துளை போட்ட டிஸ்க் போடுங்க. கோடும் இருக்கணும். போர்ஷேல்லாம் அப்படித்தான் இருக்கணும்லா."

துளை எதற்கு என்று கேட்டால், சூடு வெளியேற என்பான். உண்மையில், பழைய காலத்து பேட்டுகள் சூடானால் வாயுவைக் கக்கும். அது வெளியேற வழி வேண்டியிருந்தது. இன்றைய பேட்டுகளில் அந்தத் தொல்லை மிகவும் குறைவு. துளையால் இன்றும் இரண்டு நன்மை உண்டு. எடை கொஞ்சம் குறையும்; மழையில் டிஸ்க் முகத்தில் படியும் நீர்ப்படலம் சீக்கிரம் உடையும். கோலாலம்பூரின் மாலை மழையில் இரண்டாவது நன்மை சும்மா தள்ளிவிடக் கூடியது அல்ல, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் துளையைச் சுற்றித்தான் வெடிப்பு தொடங்கும். கொதித்து ஆறி, கொதித்து ஆறி, துளையிலிருந்து துளைக்கு மயிரிழை போலக் கீறல் ஓடும். அதோடு, துளை என்பது இரும்பை எடுத்துவிட்ட இடம். நீண்ட இறக்கத்தில் இரும்புதான் எனக்கு வேண்டும். கோடு போட்ட, அதாவது முகத்தில் பள்ளக் கோடுகள் வெட்டிய டிஸ்க்கில் வெடிப்புத் தொல்லை குறைவு, பேட்டின் முகத்தையும் சுத்தமாக வைத்திருக்கும். ஆனால் பேட்டைச் சீக்கிரம் தின்னும், வேகத்தில் பிடிக்கும்போது ஒரு உறுமல் சத்தமும் வரும். பந்தயத் தடத்துக்குப் போகிறவருக்கு அது சரி. நான் போவது பெந்தோங்குக்கு.

ஆகவே வெறும் முகம். ஆனால் பூச்சு உள்ளது. இந்த ஊர் ஈரத்தில் வார்ப்பிரும்பு ஒரே இரவில் சிவந்துவிடும். பேட் உரசும் முகத்தில் வரும் துரு முதல் இரண்டு பிரேக்கில் போய்விடும், அது பிரச்சினையில்லை. ஹப்பில் உட்காரும் பகுதி, விளிம்பு, நடுவிலுள்ள காற்றுப் பாதைகள், இங்கெல்லாம் வரும் துரு போகாது. சிம்மர்மான், பிரெம்போ போன்றவர்கள் அந்தப் பகுதிகளுக்குப் பூச்சு போட்ட டிஸ்க் செய்கிறார்கள். நான் எடுத்தது சிம்மர்மான். இதில் மூளையைக் கசக்க ஒன்றுமில்லை. அளவு சரியாக இருக்க வேண்டும், நம்பக்கூடிய வார்ப்பாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அளவு என்று சொன்னதும் ஒன்று. மக்கான் என்று மட்டும் சொல்லிச் சாமான் வாங்காதீர்கள். முன் டிஸ்க் எஸ்ஸுக்கு 350 மி.மீ., டர்போவுக்கு 360. பேட்டின் வடிவமும் மாறும். ரீகண்ட் வண்டி எந்தச் சந்தைக்குச் செய்யப்பட்டது, முதல் உரிமையாளர் என்ன கூடுதல் வசதி கேட்டு வாங்கினார் என்பதெல்லாம் வெளியே எழுதியிருக்காது. சேஸி எண்ணைக் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள். அதோடு பழைய டிஸ்க்கைக் கழற்றி அளந்து பாருங்கள்.

டிஸ்க்கை விட பேட்டில்தான் எனக்கு நேரம் போனது.

கடைக்காரர் முதலில் நீட்டியது செராமிக் பேட். தூசு குறைவு, சத்தம் குறைவு, டிஸ்க்கைக் கடிக்காது. மூன்றும் உண்மை. வெள்ளி நிற ரிம் வைத்திருப்பவர்களுக்கு ஆசை வரும். அக்கா மகன் எடுத்து வந்தது பந்தயத் தடத்துக்கான பேட். 600, 700 டிகிரி வரை தாங்கும் என்று பெட்டியிலேயே போட்டிருந்தது. அதுவும் பொய்யில்லை. ஆனால் அந்த வகை பேட்டுகள் சூடேறிய பிறகுதான் முழுதாகப் பிடிக்கும். காலை எட்டு மணிக்கு எம்ஆர்ஆர்2 சுற்றுச்சாலை நெரிசலில், மழை கொட்டும்போது, முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள் சட்டென்று குறுக்கே வந்தால் என் பிரேக் எவ்வளவு சூடாக இருக்கும்? வெந்நீர் அளவு கூட இருக்காது. ஐந்து நொடியில் 100-ஐத் தொடும் வண்டியில் எல்லோரும் பேட்டின் உச்ச வெப்பத்தைத்தான் பார்க்கிறார்கள். இந்த ஊரில் உயிரைக் காப்பது குளிர்ந்த பேட்டின் முதல் பிடிப்பு. இறக்கத்தின் சூட்டைச் சமாளிக்க எனக்கு ஏழு கியர் இருக்கிறது. குறுக்கே வரும் மோட்டார் சைக்கிளுக்கு கியர் உதவாது.

பேட்டின் ஓரத்தில் இரண்டு ஆங்கில எழுத்து அச்சிட்டிருக்கும், எஃப்எஃப், ஜிஜி என்று. முதல் எழுத்து சாதாரண வெப்பத்தில் உராய்வு எவ்வளவு, இரண்டாவது சூட்டில் எவ்வளவு. இ என்றால் 0.25 முதல் 0.35, எஃப் 0.35 முதல் 0.45, ஜி 0.45 முதல் 0.55. முதல் எழுத்தை விட இரண்டாவது கீழே இறங்கியிருந்தால், சூட்டில் பிடிப்பு குறையும் என்று பொருள். பார்க்க வேண்டியதுதான், ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது. அந்தச் சோதனை பேட்டிலிருந்து வெட்டியெடுத்த ஒரு அங்குலத் துண்டை வைத்துச் செய்வது. இரண்டு டன் வண்டியில் அந்த பேட் எப்படி நடந்துகொள்ளும் என்று அது சொல்லாது.

நான் தேடியது வேறொரு முத்திரை. வட்டத்துக்குள் இ என்ற எழுத்தும் ஒரு எண்ணும், பக்கத்தில் 90ஆர் என்று தொடங்கும் வரிசையும் இருக்கும். இ1 என்றால் ஜெர்மனியில் அனுமதி பெற்றது, இ3 இத்தாலி, இ11 பிரிட்டன். ஆர்90 என்ற இந்த ஐரோப்பிய விதிப்படி, மாற்று பேட்டின் பிடிப்பு வண்டியோடு வந்த பேட்டிலிருந்து 15 விழுக்காட்டுக்கு மேல் விலகக் கூடாது. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. கூடினால் என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்கலாம். முன் சக்கரமும் பின் சக்கரமும் எவ்வளவு பங்கு பிடிக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு அமைத்திருக்கும் வண்டி இது; முன்னால் மட்டும் பிடிப்பு எகிறினால் அந்தக் கணக்கு கலையும். பந்தய பேட்டுகள் பெரும்பாலும் இந்த முத்திரை இல்லாமல்தான் வரும்.

கடைசியில் வாங்கியது உலோகம் கொஞ்சம் கலந்த ஐரோப்பிய வகை பேட், ஆர்90 முத்திரையோடு, முன்னாலும் பின்னாலும் ஒரே தயாரிப்பு. ஜெர்மன் வண்டிகள் தொழிற்சாலையிலிருந்து வரும்போது பெரும்பாலும் இந்த வகைதான் இருக்கும். தூசு கொட்டும். முன் ரிம் ஒரு வாரத்தில் கரிப்பிடித்தது போல ஆகிவிடும். கழுவிக்கொள்கிறேன். ஓரி, அதாவது போர்ஷேயின் அசல் டிஸ்க் இரண்டுக்குச் சொன்ன விலைக்குள் எனக்கு டிஸ்க், பேட், பேட் தேய்மானம் காட்டும் சென்சர், பிரேக் எண்ணெய் எல்லாம் வந்துவிட்டது.

பிரேக் எண்ணெயைப் பற்றிப் பேசாமல் பேட் பற்றி மட்டும் பேசுகிறவர்களை எனக்குப் புரிவதில்லை. டாட் 4 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் இருக்க வேண்டும் என்பது விதி. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். 3.7 விழுக்காடு நீர் சேர்ந்தால் விதி கேட்கும் அளவு 155 டிகிரிதான். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறார்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் அதைத் தள்ளிப்போடவே கூடாது. இறக்கத்தில் பெடல் கல் மாதிரி இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் பேட் தோற்றுவிட்டது. பெடலே தொளதொளவென்று தரைக்குப் போனால் எண்ணெய் கொதித்துவிட்டது. இரண்டாவதுதான் பயங்கரம், எவ்வளவு விலை பேட் போட்டிருந்தாலும் அப்போது பயனில்லை.

மாற்றும் வேலை ஒரு காலைப் பொழுதில் முடிந்தது. ஹப்பைக் கம்பித் தூரிகையால் தேய்த்து வெள்ளையாக்கிய பிறகுதான் அண்ணன் புது டிஸ்க்கை வைத்தார். வைத்த பின், சாய்வு இருக்கிறதா என்று அளக்கும் டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்த்தார். பின் பேட்டை மாற்ற ஸ்கேனர் வேண்டும். கைப்பிரேக் மின்மோட்டாரில் இயங்குவதால், கணினி வழியாக அதைப் பின்வாங்கச் செய்துவிட்டுத்தான் பிஸ்டனை அழுத்த முடியும். சி-கிளாம்ப் போட்டு முறுக்கினால் மோட்டார் போய்விடும். பட்டறைக்குப் போகுமுன் ஸ்கேனர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

நடுவில் அக்கா மகன் இன்னொரு யோசனை சொன்னான்: பேட்டைப் பிடித்து அழுத்தும் காலிப்பருக்கு மஞ்சள் பெயின்ட் அடிக்கலாமாம். போர்ஷேவில் மஞ்சள் காலிப்பர் என்றால் செராமிக் கலவை டிஸ்க் போட்ட வண்டி. என் வார்ப்பிரும்பு டிஸ்க்குக்கு மஞ்சள் அடித்தால் தெரிந்தவன் சிரிப்பான் என்றேன். தெரியாதவங்கதான் நிறைய சித்தி என்றான். நியாயம்தான், இருந்தாலும் அடிக்கவில்லை.

புது பேட்டைப் பழக்குவதற்கு ஞாயிறு விடியற்காலை பத்து ஆராங் பக்கம் போனேன். பின்னால் ஒருவரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, 60-லிருந்து 10 வரை நிதானமாகப் பிடித்து, முழுதாக நிறுத்தாமல் விட்டு, மறுபடி 60. பத்து முறை போல. அப்புறம் பிரேக்கைத் தொடாமல் கொஞ்ச தூரம் ஓட்டி ஆறவிட வேண்டும். இதைச் செய்யாமல் நேரே கெந்திங் போனால், முன்னே சொன்ன அந்தப் படலம் முதல் நாளே திட்டுத்திட்டாகப் படியும்.

இப்போது கோம்பாக் இறக்கத்தில் வண்டியை மேனுவலில் போட்டு நாலாவது கியரில் விடுகிறேன். எஞ்சின் சத்தம் கூடும்போது அம்மா, "வண்டிக்கு என்னம்மா ஆச்சு?" என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறார். பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்காமல், வளைவுக்கு முன் ஒரு முறை அழுத்திப் பிடித்து விட்டுவிடுகிறேன். டோல் வரிசையில் முன்னால் இடம் விட்டு நின்று, கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டே இருப்பேன். பின்னால் இருப்பவர் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும். உதறல் போய்விட்டது. காலையில் ரிவர்ஸ் எடுக்கும்போது மட்டும் ஒரு சின்னக் கிறீச் சத்தம் வருகிறது. இந்த வகை பேட்டுக்கு அது உண்டு என்று அண்ணன் முன்பே சொல்லியிருந்தார்.

பின் டிஸ்க்குக்கு இன்னும் ஒரு மி.மீ. மிச்சம். அடுத்த பின் பேட் மாற்றும்போது அதையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டிவரும்; அதற்கும் இதே பூச்சு போட்ட வெறும் டிஸ்க்தான், இப்போதே அதன் பாக எண்ணைக் குறித்து வைத்திருக்கிறேன். அக்கா மகன் அவனுடைய கோல்ஃபுக்குத் துளை போட்டதை ஆர்டர் செய்துவிட்டான்.